தன் கையே தனக்குதவி



சில மாதங்களுக்கு முன்னர் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், உள்ளறையிலிருந்து திடீரென ஒரு பேரோசை எழுந்தது. முரசுகள் இடியென முழங்கின. கித்தார்கள் இரும்புப் பட்டறைபோல் இரைந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு மனிதக் குரல் தொண்டை கிழியக் கத்தியது. வீட்டு அம்மையார் நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க, இதெல்லாம் ஒரு பாட்டா? பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கேட்டா நான் என்னன்னு பதில் சொல்றது?"

ஐந்தாம் படிவத்தில் பயிலும் அவருடைய மகன் வெளியே வந்தான். ஒலியைக் குறைத்துவிட்டு, சற்றே கூச்சத்துடன் சொன்னான்: "மாமா, இவங்க முப்பது வருசத்துக்கு மேல வாசிக்கிறாங்க. பாட்டு எழுதுறது, பதிவு பண்றது, அட்டைப்படம் வரையுறது, எல்லாத்தையும் அவங்களேதான் செய்யுறாங்க."

அந்தக் கடைசிச் சொற்கள் என் மனத்தில் தங்கிவிட்டன. இசை எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அந்தப் பையன் வியந்து சொன்ன செய்தி பிடித்திருந்தது. வீடு திரும்பியதும் அவர்களைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அவ்வாறு நான் அறிந்துகொண்ட ஓர் இசைக்குழுவின் வரலாற்றையே இன்றைய உரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன். அக்குழுவின் பெயர் கன்வெர்ஜ். 'ஒன்று கூடுதல்' என்பது அச்சொல்லின் பொருள். அவர்கள் வாசிக்கும் இசைவகைக்கு மெட்டல்கோர் என்று பெயர்.

நேயர்களே, இக்குழு தோன்றிய ஊரின் பெயர் சேலம். மாம்பழத்துக்குப் பெயர்பெற்ற தமிழகத்துச் சேலம் என்று எண்ணிவிடாதீர்கள். இது அமெரிக்காவின் வடகிழக்கில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகருக்கு வடக்கே கடலோரத்தில் அமைந்த பழமையான ஊர். 1692-ஆம் ஆண்டில் சூனியம் செய்தார்கள் என்று குற்றஞ்சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்ட வழக்குகளால் இவ்வூர் உலக வரலாற்றில் இடம்பெற்றது. நம் வட்டாரத்துக்கும் இவ்வூருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இவ்வூர்க் கப்பல்கள் சுமத்ராவுக்கு வந்து மிளகு ஏற்றிச் சென்றன. அந்த மிளகு வாணிகத்தால் சேலத்து வணிகர்கள் பெருஞ்செல்வம் ஈட்டினார்கள்.

அத்தகைய ஊரில் 1990-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் ஜேக்கப் பேனன், கர்ட் பல்லூ என்னும் இரு பள்ளி மாணவர்கள் சேர்ந்து கன்வெர்ஜ் குழுவைத் தொடங்கினார்கள். பேனன் பாடகர், பல்லூ கித்தார் வாசிப்பவர். இருவரும் அப்போது பதின்ம வயதினர். பணமும் இல்லை, ஆசிரியரும் இல்லை, பெரிய மனிதர்களின் பரிந்துரையும் இல்லை. அவர்களுக்கு இருந்ததெல்லாம் தமக்கு முன்னே நடந்தவர்கள் விட்டுச்சென்ற ஒரு வழிமுறைதான்.

அந்த வழிமுறை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம். 1970-களின் இறுதியில் அமெரிக்க நகரங்களில் இளைஞர் சிலர் ஹார்ட்கோர் என்னும் இசையைத் தோற்றுவித்தார்கள். பாடல்கள் ஒரு நிமிடம் அல்லது இரண்டு நிமிடமே நீளும். வேகம் மிகுதி, அலங்காரம் குறைவு. பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் இவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆகவே இவர்கள் தாமே நிறுவனம் தொடங்கினார்கள். 1980-ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் இயன் மெக்கே, ஜெஃப் நெல்சன் என்னும் இளைஞர்கள் டிஸ்கார்ட் என்னும் நிறுவனத்தை உருவாக்கினார்கள். அவர்கள் வாசித்த குழு கலைந்துபோன நேரம் அது. நிகழ்ச்சிகளில் கிடைத்த ஊதியத்தைப் பங்கு பிரிக்காமல் சேமித்து வைத்திருந்தார்கள். ஏறத்தாழ 600 அமெரிக்க வெள்ளி இருந்தது. அதைப் பிரித்துக்கொண்டு போவதா, இசைத்தட்டாக மாற்றுவதா என்று கேள்வி எழுந்தது. இசைத்தட்டு என்றே முடிவு செய்தார்கள். 1,000 தட்டுகள் அச்சாயின. தட்டின் உறை எவ்வாறு செய்யப்படுகிறது என்பது தெரியாததால், ஓர் ஆங்கில இசைத்தட்டின் உறையைப் பிரித்து விரித்துப் பார்த்து, அதே அளவில் காகிதத்தை வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள்.

உறையைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட அந்தச் சின்னஞ்சிறு செயலில்தான் சுயேச்சை இசையின் அடிப்படையே அடங்கியிருக்கிறது. தெரியாது என்று நின்றுவிடாமல், பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொள்வது.

இந்த ஹார்ட்கோர் இசை ஒருபுறம். மற்றொருபுறம் மெட்டல் என்னும் கனத்த இசை வளர்ந்துவந்தது. அதில் கித்தாரின் வேலைப்பாடு நுணுக்கமானது; முரசின் தாளக்கட்டு சிக்கலானது. இவ்விரண்டு ஆறுகளும் 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் கலந்தன. ஹார்ட்கோரின் வேகமும் நேர்மையும், மெட்டலின் கனமும் நுணுக்கமும் சேர்ந்தன. அவ்வாறு பிறந்ததே மெட்டல்கோர். வேகமாகச் சென்றுகொண்டிருக்கும் பாட்டு, திடீரென்று தளர்ந்து, ஒவ்வோர் அடியும் சம்மட்டிபோல் விழும் பகுதி ஒன்று இவ்விசையில் அடிக்கடி வரும். மேடையின்முன் நிற்கும் இளைஞர் கூட்டம் அந்த இடத்துக்காகவே காத்திருக்கும்.

"அதெல்லாம் இருக்கட்டும், அவர்கள் ஏன் கத்துகிறார்கள்?" என்று தாய்மார்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. நம் குரல்வளையில் குரல்நாண்கள் இருக்கின்றன. அவற்றுக்குச் சற்று மேலே பொய்க்குரல்நாண்கள் என்னும் மடிப்புகளும் இருக்கின்றன. சாதாரணப் பேச்சில் அவை ஓய்வாக இருக்கும். இவ்வகைப் பாடகர்கள் பலர் மூச்சைக் கட்டுப்படுத்தி, அந்த மடிப்புகளை அதிரச் செய்து கரகரப்பான ஒலியை எழுப்புகிறார்கள். முறை அறியாமல் வெறுமனே கத்துபவரின் குரல்நாண் புண்பட்டுவிடும்; பயிற்சி பெற்றவர் இரவுதோறும் பாட முடியும். ஆகவே கேட்பதற்குக் கூச்சல்போல் இருந்தாலும் அதனுள் ஒரு பயிற்சி இருக்கிறது. உணர்ச்சியும் இருக்கிறது. நம் ஒப்பாரியை முதன்முறையாகக் கேட்கும் அயலார் அதைப் பாட்டு என்றா நினைப்பார்? துயரம் சில வேளைகளில் இனிய குரலில் அடங்குவதில்லை.

இனி நம் கன்வெர்ஜ் குழுவிடம் வருவோம். 1990-களில் இத்தகைய குழுக்களுக்குப் பெரிய அரங்கங்கள் கிடைப்பதில்லை. மதுக்கூடங்களில் வாசிக்கலாம் என்றால், அங்கே 21 வயது நிறையாதவர்களுக்கு அனுமதி இல்லை. கேட்க வருபவர்களோ பெரும்பாலும் பள்ளி மாணவர்கள். ஆகவே தேவாலயங்களின் கீழ்த்தளம், முன்னாள் போர்வீரர் சங்கத்தின் மண்டபம், நண்பர் வீட்டு நிலவறை ஆகியவையே மேடைகளாயின. நுழைவுக்கட்டணம் சில வெள்ளிகள். விளம்பரத் தாள்களை நகலெடுக்கும் பொறியில் தாமே எடுத்து, மின்கம்பங்களிலும் கடைச் சன்னல்களிலும் ஒட்டினார்கள். வெளியூர்ப் பயணம் என்றால் ஒரு பழைய வேன். அதில் வாத்தியங்கள், ஒலிபெருக்கிகள், அவற்றின்மேல் மனிதர்கள். இரவு தங்குவதற்கு அந்தந்த ஊர் நண்பர்களின் வீட்டுத் தரை.

இந்த நிலையில் 1994-இல் அவர்களுடைய முதல் இசைத்தொகுப்பு சிறிய எண்ணிக்கையில் வெளிவந்தது. அதன் பின்னர் ஒன்றிரண்டு சிறிய நிறுவனங்களின் வழியாகப் பதிவுகள் வந்தன. 1998-இல் ஒரு முழுத்தொகுப்பை ஈக்குவல் விஷன் என்னும் சுயேச்சை நிறுவனம் வெளியிட்டது. குழுவினர் மாறினார்கள். வர்ஜீனியா மாநிலத்திலிருந்து நேட் நியூட்டன் பேஸ் கித்தாருக்கு வந்து சேர்ந்தார். 1999-இல் முரசு வாசிக்கப் பென் கொல்லர் வந்தார். நீண்டகாலம் உடன் வாசித்த ஆரன் டால்பெக், தம்முடைய இன்னொரு குழுவின் வேலை மிகுந்தமையால் 2001-இல் விலகினார். அதுமுதல் இவர்கள் நால்வரே குழுவின் நிலையான உறுப்பினர்கள்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். இவ்வளவு இன்னல்படுவதைவிட, ஒரு பெரிய நிறுவனத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டு நிம்மதியாக இருக்கலாமே? அந்த ஒப்பந்தம் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வது நல்லது.

நிறுவனம் குழுவுக்கு ஒரு முன்பணம் தரும். கைநிறையப் பணம் வந்துவிட்டது என்று பிள்ளைகள் மகிழ்வார்கள். உண்மையில் அது ஒருவகைக் கடன். ஒலிப்பதிவுச் செலவையும் பெரும்பாலும் அதனோடு சேர்த்து எழுதிவிடுவார்கள். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். முன்பணமும் செலவுமாக 200,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். விற்கும் ஒவ்வொரு வட்டுக்கும் குழுவின் உரிமைத்தொகை ஒரு வெள்ளி. அப்படியானால் 200,000 வட்டுகள் விற்றுத் தீரும்வரை குழுவுக்கு மேற்கொண்டு ஒரு காசும் வராது. அந்தக் கணக்கு நேரான பிறகும், மூலப்பதிவின் உரிமை வழக்கமாக நிறுவனத்திடமே இருக்கும். நம் தோட்டப்புற மூதாதையர் அறிந்த முன்பணக் கணக்கை இது நினைவூட்டவில்லையா? பற்று எழுதிய ஏடு ஒருவர் கையில். உழைப்பு வேறொருவர் கையில்.

இதற்காகப் பெரிய நிறுவனங்கள் எல்லாம் தீயவை என்று நான் சொல்லமாட்டேன். அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தோன்றிய கில்ஸ்விட்ச் என்கேஜ் என்னும் மெட்டல்கோர் குழு, ரோட்ரன்னர் என்னும் பெரிய நிறுவனத்தின் வழியே உலகெங்கும் புகழ்பெற்றது. 2004-இல் வெளிவந்த அவர்களுடைய தொகுப்பு அமெரிக்காவில் தங்கத்தட்டுத் தகுதி, அதாவது 500,000 படிகளுக்கான தகுதி பெற்றது. எல்லாருக்கும் அவ்வாறு அமைவதில்லை என்பதற்கும் அதே மாநிலத்தில் சான்று உண்டு. மெத்துவன் என்னும் ஊரில் 1995-இல் தோன்றிய கேவ் இன் குழு, கன்வெர்ஜ் குழுவின் உற்ற தோழமைக் குழு. அதன் பாடகர் ஸ்டீபன் பிராட்ஸ்கி சில காலம் கன்வெர்ஜில் பேஸ் கித்தார் வாசித்தவர். கேவ் இன் குழு ஆர்.சி.ஏ. என்னும் மாபெரும் நிறுவனத்தில் சேர்ந்து 2003-இல் ஒரு தொகுப்பை வெளியிட்டது. ஆனால் அவர்களுக்கும் நிறுவனத்துக்கும் இசைவு ஏற்படவில்லை. பிரிந்து வந்து, தம் பழைய சுயேச்சை நிறுவனமான ஹைட்ரா ஹெட் வழியாகவே 2005-இல் அடுத்த தொகுப்பை வெளியிட்டார்கள்.

கன்வெர்ஜ் குழு எடுத்துக்கொண்ட வழி வேறு. அவர்கள் ஆளுக்கொரு தொழில் கற்றார்கள்.

கர்ட் பல்லூ பொறியியல் பயின்றவர். மருத்துவக் கருவிகள் செய்யும் நிறுவனமொன்றில் வேலை பார்த்தார். வேலை நேரம் போக எஞ்சிய நேரத்தில் ஒலிப்பதிவு கற்றார். ஒலிவாங்கியை எங்கே வைத்தால் முரசின் ஓசை எப்படி மாறும், ஓர் அறையின் சுவர் ஒலியை எவ்வாறு திருப்பி அனுப்பும் என்று சோதித்துச் சோதித்து அறிந்தார். காட்சிட்டி என்ற பெயரில் அவர் அமைத்த ஒலிப்பதிவுக்கூடத்தில் முதலில் நண்பர்களின் குழுக்களைப் பதிவு செய்தார். நான் முன்னர்ச் சொன்ன கேவ் இன் குழுவின் 1998-ஆம் ஆண்டுத் தொகுப்பும் அவர் கைவண்ணமே. பின்னர் அலுவலக வேலையை விட்டு, அதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டார். கூடம் சேலம் நகரில் நிலைபெற்றது. ஹை ஆன் ஃபயர் என்னும் குழு அவரிடம் வந்து பதிவு செய்த 2018-ஆம் ஆண்டுத் தொகுப்பின் தலைப்புப் பாடல், 2019-இல் சிறந்த மெட்டல் இசைக்கான கிராமி விருதைப் பெற்றது. பல்லூ கித்தாரின் ஓசையை மாற்றும் மின்கருவிகளையும் வடிவமைக்கிறார். விரும்புவோர் தாமே உறுப்புகளைப் பற்றவைத்துப் பூட்டிக்கொள்ளும்படி, வெறும் மின்சுற்றுப் பலகைகளாகவும் அவற்றை விற்றிருக்கிறார். தாம் கற்ற வழியிலேயே பிறரும் கற்கட்டும் என்பதுபோல் இருக்கிறது அச்செயல்.

ஜேக்கப் பேனன் பாடகர் மட்டுமன்றி ஓவியரும் ஆவார். குழுவின் அட்டைப்படங்கள், சட்டைகள், விளம்பரத் தாள்கள் ஆகியவற்றை அவரே வரைந்தார். பிற குழுக்களுக்கும் வரைந்து கொடுத்தார். 2000-ஆம் ஆண்டை ஒட்டி, டிரே மெக்கார்த்தி என்பவருடன் சேர்ந்து டெத்விஷ் என்னும் சுயேச்சை இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனம் தம் குழுவுக்கு மட்டும் என்று நில்லாமல், பின்னர் வந்த இளங்குழுக்கள் பலவற்றின் தட்டுகளை வெளியிட்டது.

இந்தத் தொழில்கள் எல்லாம் ஒன்று சேர்ந்த இடம், 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் வெளிவந்த 'ஜேன் டோ' என்னும் தொகுப்பு. அமெரிக்க நீதிமன்றங்களிலும் மருத்துவமனைகளிலும் அடையாளம் தெரியாத பெண்ணைக் குறிப்பிட வழங்கும் பெயர் அது. ஓர் உறவு முறிந்த வேதனையைப் பாடும் தொகுப்பு. 12 பாடல்கள், மொத்தம் ஏறத்தாழ 45 நிமிடம். சில பாடல்கள் சுழற்காற்றைப்போல் வந்து போய்விடும். கடைசிப் பாடலோ 11 நிமிடத்துக்கு மேல் மெல்ல மெல்ல எழுந்து கரைகிறது. பல்லூவும் மேத்யூ எல்லார்டு என்பவரும் சேர்ந்து ஒலிப்பதிவைக் கவனித்தார்கள். அட்டையில் பேனன் தீட்டிய ஒரு பெண்ணின் முகம். வானொலியிலோ தொலைக்காட்சியிலோ பெரிய விளம்பரம் இல்லை. கேட்டவர்கள் கேட்காதவர்களிடம் சொன்னார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் மதிப்பு ஏறியது. 2017-இல் ரோலிங் ஸ்டோன் இதழ் தேர்ந்த தலைசிறந்த 100 மெட்டல் தொகுப்புகளுள் இதுவும் இடம்பெற்றது. அந்த முகம் பதித்த சட்டையை அணிந்த இளைஞர்களைப் பல நாடுகளிலும் காணலாம்.

அந்த முகத்துக்கும் ஒரு கதை உண்டு. 2021-இல் ஆட்ரி மார்னே என்னும் பிரெஞ்சு விளம்பர அழகி, அந்த முகம் தம்முடையதே என்று உலகுக்குக் காட்டினார். முன்னர் ஓர் இதழில் வெளிவந்த அவருடைய புகைப்படத்தைத் தழுவியே அந்த ஓவியம் அமைந்திருந்தது. இருபது ஆண்டுகள் பெயரற்றவளாக இருந்தவளுக்குப் பெயர் கிடைத்தது. எல்லாவற்றையும் தாமே செய்தார்கள் என்று நாம் பாராட்டும்போதே இதையும் நினைவில் கொள்ள வேண்டும். எந்தக் கலைஞனும் வெறுங்கையால் படைப்பதில்லை. யாரோ எடுத்த படம், யாரோ செய்த வாத்தியம், யாரோ காட்டிய வழி அவனுக்குப் பின்னால் இருக்கிறது. தன் உழைப்பின் உரிமையைப் பேணுகிறவன் பிறர் உழைப்பின் பெயரையும் சொல்வதே முறை.

'ஜேன் டோ' பெற்ற மதிப்புக்குப் பிறகு, குழுவின் அடுத்த தொகுப்பு 2004-இல் எபிடாஃப் நிறுவனத்தின் வழியே வெளிவந்தது. எபிடாஃப், பேட் ரிலிஜியன் குழுவைச் சேர்ந்த பிரெட் குரேவிட்ஸ் தொடங்கிய சுயேச்சை நிறுவனம். ஆனால் சிறியது என்று சொல்ல முடியாது. ஆஃப்ஸ்பிரிங் குழுவின் 1994-ஆம் ஆண்டுத் தொகுப்பைப் பல இலட்சக்கணக்கில் விற்ற நிறுவனம் அது. "எல்லாம் தாமே என்றவர்கள் இன்னொருவரிடம் போகலாமா?" என்று கேட்கத் தோன்றும். அவர்கள் கண்ட வழியைப் பாருங்கள். வட்டுகளை உலகெங்கும் கொண்டுசேர்க்கும் பணி எபிடாஃபிடம். பெரிய கறுப்பு இசைத்தட்டுகளை அச்சிடும் பணி தம் டெத்விஷிடம். ஒலிப்பதிவும் ஓவியமும் தம் கையில். எதைப் பிறரிடம் விடலாம், எதை விடக்கூடாது என்று தெரிந்து பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கத் தெரிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு வேலையையும் முன்பே தாம் செய்து பார்த்திருந்ததுதான்.

ஒலிப்பதிவு தம் கையில் இருந்ததன் பயனுக்கு ஒரு சான்று உண்டு. 2004-ஆம் ஆண்டுத் தொகுப்பை 2016-இல் பல்லூ மீண்டும் எடுத்து, ஒலிகளை முதலிலிருந்து புதிதாகச் சேர்த்துத் திருத்தப் பதிப்பாக வெளியிட்டார். எழுதிய நூலைப் பன்னிரண்டு ஆண்டு கழித்துத் திருத்தும் உரிமை எத்தனை ஆசிரியர்களுக்கு வாய்க்கும்?

இனி, இந்த வழியின் விலையையும் சொல்லாவிட்டால் நான் உண்மையை மறைத்தவன் ஆவேன். சுயேச்சையாக இருப்பவர்களுக்கு மாதச்சம்பளம் கிடையாது. நோயுற்றால் தாங்க நிறுவனமும் கிடையாது. வாசிப்பவர்களில் பலர் வேறு வேலை பார்த்தே வாழ்கிறார்கள். சுயேச்சை நிறுவனங்களும் நொடிந்துபோகின்றன. கேவ் இன் குழுவை வளர்த்த ஹைட்ரா ஹெட், புதிய வெளியீடுகளை நிறுத்திக்கொள்வதாக 2012-இல் அறிவித்தது.

2018-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கேவ் இன் குழுவில் பேஸ் கித்தார் வாசித்த கேலப் ஸ்கோஃபீல்டு சாலை விபத்தில் இறந்துபோனார். மனைவியும் குழந்தைகளும் தனித்து நின்றார்கள். அப்போது அந்தச் சிறிய உலகம் என்ன செய்தது? தோழமைக் குழுக்கள் கூடி நிதி திரட்டும் இசை நிகழ்ச்சிகளை நடத்தி, அக்குடும்பத்துக்குக் கொடுத்தன. அவர் உயிரோடு இருந்தபோது ஒத்திகையில் பதிவாகியிருந்த ஒலிகளைத் தொகுத்து, கேவ் இன் குழு 2019-இல் ஓர் இசைத்தொகுப்பாக வெளியிட்டது. ஏழாண்டுக்கு முன் கடையைக் கட்டிய அதே ஹைட்ரா ஹெட்டின் பெயரில்தான் அது வெளிவந்தது. ஒத்திகைப் பதிவுதானே என்று அவர்கள் ஒதுக்கவில்லை. இறந்துபோன நண்பனின் விரல்கள் அதில் இருந்தன.

கன்வெர்ஜ் குழுவும் தன் கதவை எப்போதும் திறந்தே வைத்திருந்தது. 2009-ஆம் ஆண்டுத் தொகுப்பில் கேவ் இன் குழுவினரை அழைத்து உடன் வாசிக்கச் செய்தது. 2016-இல் நெதர்லாந்து நாட்டின் தில்பர்க் நகரில் நடக்கும் ரோட்பர்ன் விழாவில் 'ஜேன் டோ' தொகுப்பை முழுமையாக வாசித்தது. அதே விழாவில் பாடகி செல்சி வுல்ஃப், ஸ்டீபன் பிராட்ஸ்கி முதலியோருடன் சேர்ந்து மெதுவான, இருண்ட இசை ஒன்றையும் அரங்கேற்றியது. அந்தக் கூட்டுறவின் பயனாக 2021-இல் ஒரு புதிய தொகுப்பு வெளிவந்தது. கத்தலுக்குப் பெயர்போன குழுவின் தட்டில் இழைந்து பாடும் குரல்களும் கேட்டன. முப்பது ஆண்டு கடந்தும் அவர்கள் கற்பதை நிறுத்தவில்லை.

நேயர்களே, 'தன் கையே தனக்குதவி' என்று நம் முன்னோர் சொன்னார்கள். அதைத் தனித்து நில், எவரையும் நம்பாதே என்று பொருள்கொள்வோர் உண்டு. இந்தக் குழுவின் வரலாறு எனக்கு வேறு பொருளைக் காட்டியது. தொழில் கற்ற கை முதலில் தனக்கு உதவுகிறது. பிறகு பக்கத்தில் நிற்பவனுக்கும் உதவுகிறது. பல்லூ தமக்காகக் கற்ற ஒலிப்பதிவு எத்தனையோ குழுக்களுக்குப் பயன்பட்டது. பேனன் தமக்காகத் தொடங்கிய நிறுவனம் எத்தனையோ இளைஞர்களின் முதல் தட்டைச் சுமந்தது. ஒன்றும் கற்காத கை பிறருக்குக் கொடுக்க என்ன வைத்திருக்கும்?

அண்மையில் மீண்டும் அந்த நண்பரின் இல்லத்திற்குச் சென்றேன். பையனின் அறையில் ஒரு பழைய ஒலிபெருக்கி பிரித்துப் போடப்பட்டிருந்தது. திருகாணிகள் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன. தாயார் வாசலில் நின்று, "பாருங்கண்ணே, நல்லா இருந்ததைப் பிரிச்சுப் போட்டிருக்கான்" என்று குறைபட்டுக்கொண்டார். "நல்லா இல்லம்மா, ஒரு பக்கம் சத்தமே வரல. அதான் உள்ள என்ன இருக்குன்னு பார்க்குறேன்" என்றான் அவன்.

அம்மையாரிடம் நான் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னேன். "தங்கச்சி, இரவு பத்து மணிக்குமேல சத்தம் வேண்டாம்னு கண்டிப்பாச் சொல்லுங்க. ஆனா அந்தப் பெட்டியைப் பிரிக்க வேண்டாம்னு மட்டும் சொல்லாதீங்க."

உங்கள் இல்லத்திலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். அவன் கேட்கும் இசை நமக்குப் பிடிக்காமல் போகலாம். ஒருநாள் அவன் அருகில் அமர்ந்து, "இதை யார் செய்தது, எப்படிச் செய்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அவன் சொல்லும் விடையில் நாம் கற்றுக்கொள்ளவும் ஏதேனும் இருக்கும்.